கர்மா, மறுபிறவி, இறப்புக்கு அப்புறம் உயிரோட பயணம்: அடிக்கடி கேக்கற கேள்விகள்

ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். இந்து மதத்துல ஒரே புத்தகம், ஒரே பதில்னு கிடையாது, உபநிஷத்து ஒண்ணு சொல்லும், புராணம் அதையே கதையா விரிச்சு சொல்லும், சைவ சித்தாந்தம் வேற கோணத்துல பாக்கும், வைணவம் இன்னொரு கோணம். அதனால எங்கெல்லாம் கருத்து மாறுதோ அங்க யார் என்ன சொல்றாங்கன்னு பிரிச்சே சொல்லிருக்கேன்.

கர்மான்னா தலைவிதியா?

இல்லைங்க. இது ரெண்டையும் ஒண்ணுன்னு நினைக்கறதாலதான் பாதி பயமே வருது. நாம செய்யற செயல், அதுக்குப் பின்னாடி இருக்கற எண்ணம், அது விட்டுட்டுப் போற பலன் எல்லாம் சேந்ததுதான் கர்மா. பிரகதாரண்யக உபநிஷத்துல ஆர்த்தபாகர்னு ஒருத்தர் யாக்ஞவல்கியர்கிட்ட கேக்கறார், செத்தவனோட பேச்சு நெருப்புல போய் சேருது, மூச்சு காத்துல சேருது, கண்ணு சூரியன்ல சேருது, அப்ப அந்த மனுஷன் எங்கதான் இருக்கான்னு. யாக்ஞவல்கியர் அதுக்கு சபையில பதில் சொல்லல, கையைப் புடிச்சு தனியா கூட்டிட்டுப் போய் பேசறார். அவங்க பேசினது கர்மாவைப் பத்தித்தான்னு உபநிஷத்து சொல்லுது, நல்ல செயலால ஒருத்தன் நல்லவனாகறான், கெட்ட செயலால கெட்டவனாகறான், அவ்வளவுதான் விஷயம். இதுல எழுதி வெச்ச தலைவிதின்னு எதுவும் இல்ல பாருங்க, நாம என்னவா ஆகறோம்ங்கறதுதான் பேச்சு. நம்ம கணியன் பூங்குன்றனார் "தீதும் நன்றும் பிறர்தர வாரா"ன்னு பாடினதும் இதையேதான்.

சஞ்சிதம், பிராரப்தம், ஆகாமியம்னு சொல்றாங்களே, அதெல்லாம் என்ன?

எத்தனையோ பிறவியா சேத்து வெச்ச மொத்த வினை சஞ்சிதம். அதுல இந்தப் பிறவியில அனுபவிக்கறதுக்குன்னு பலன் குடுக்க ஆரம்பிச்சுட்ட பகுதி பிராரப்தம். இப்போ அனுபவிக்கும்போதே புதுசா நாம செஞ்சு சேத்துக்கறது ஆகாமியம். அம்பை வெச்சு பெரியவங்க சொல்ற விளக்கம் நல்லா புரியும்: அம்பறாத்தூணியில இருக்கற அம்பு சஞ்சிதம், வில்லுல பூட்டி கையில வெச்சிருக்கறது ஆகாமியம், விட்ட அம்பு பிராரப்தம். விட்ட அம்பைத் திரும்ப கூப்பிட முடியாது, ஆனா கையில இருக்கறதை விடலாமா வேணாமா, எந்தப் பக்கம் விடலாம்ங்கறது இப்பவும் நம்மகிட்டதான் இருக்கு. ஞானம் வந்தவனுக்கு சஞ்சிதம் எரிஞ்சுடும், நெருப்பு விறகைச் சாம்பலாக்கற மாதிரின்னு கீதை நாலாவது அத்தியாயம் சொல்லுது. ஆனா அப்படிப்பட்ட ஞானிக்கும் உடம்பு இருக்கற வரைக்கும் பிராரப்தம் நடக்கும்னு, உயிரும் பிரம்மமும் ஒண்ணுதான்னு சொல்ற அத்வைதத்துல சொல்லுவாங்க.

அப்போ எல்லாம் முன்னாடியே முடிவாகிடுச்சுன்னா நான் ஏன் முயற்சி பண்ணணும்?

திருவள்ளுவரே ரெண்டு பக்கமும் பேசிருக்கார். ஊழ் அதிகாரத்துல "ஊழிற் பெருவலி யாவுள"ன்னு கேக்கறார், அதாவது ஊழை விட வலிமையானது எது, நாம அதைத் தப்பிக்க வேற வழி பாத்தா அங்கயும் அது முந்திக்கிட்டு வந்து நிக்கும்னு. அதே மனுஷன்தான் ஆள்வினை உடைமை அதிகாரத்துல "ஊழையும் உப்பக்கம் காண்பர்"னு சொல்றார், சோர்ந்து போகாம தொடர்ந்து முயற்சி பண்றவன் ஊழையே புறமுதுகு காட்டி ஓட வைப்பான்னு. முரண்பாடு மாதிரி தெரியும், ஆனா மேல சொன்ன மூணு வகையை வெச்சுப் பாத்தா முடிச்சு அவிழ்ந்துடும். நமக்கு என்ன வந்து சேருதுங்கறதுல பழைய வினைக்கு பங்கு இருக்கு, வந்ததை வெச்சு நாம என்ன பண்றோம்ங்கறது புது வினை.

கஷ்டப்படறவங்க எல்லாரும் போன ஜென்மத்துல பாவம் பண்ணவங்களா? சின்னக் குழந்தைக்கு நோய் வந்தா அதுவும் கர்மாவா?

இந்தக் கேள்விக்குத்தான் நிறைய எழுதணும்னு எனக்குத் தோணுது, ஏன்னா கர்மாங்கற பேரை சொல்லி அடுத்தவங்க மனசை நோகடிக்கறது இதுல இருந்துதான் ஆரம்பிக்குது. குழந்தையை இழந்த அம்மாகிட்ட போய் "என்ன பாவம் பண்ணியோ"ன்னு கேக்கறவங்க இருக்காங்க, உடம்பு சரியில்லாதவங்க காது கேக்க "கர்ம வியாதி"ன்னு சொல்றவங்க இருக்காங்க. சாஸ்திரம் அப்படிப் பேசச் சொல்லல.

கொள்கை அளவுல, ஆமா, அனுபவிக்கறது எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கு, அது இந்தப் பிறவியில இல்லைன்னா முந்தினதுல இருக்கும்னுதான் நம்பிக்கை. ஆனா இன்னாருக்கு இன்ன காரணத்தாலதான் இது வந்துச்சுன்னு சொல்ற அதிகாரம் பக்கத்து வீட்டுக்காரருக்கு கிடையாது. "கஹனா கர்மணோ கதி:"ன்னு கீதையில கிருஷ்ணரே சொல்றார், கர்மாவோட போக்கு ஆழமானது, புரிஞ்சுக்க கஷ்டமானதுன்னு. திருக்குறள்ல "அறத்தாறு இதுவென வேண்டா சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை"ன்னு ஒரு குறள் இருக்கு. பல்லக்கு தூக்கறவனையும் அதுல உக்காந்து போறவனையும் காட்டி இதுதான் அறத்தோட பலன்னு சொல்ல வேண்டியதில்லைன்னு ஆரம்பிக்கறார். கண்ணால பாத்தாலே தெரியும், தனியா சொல்லவே வேணாம்னு பரிமேலழகர் வழியில பொருள் சொல்றவங்க உண்டு. அப்படி ஆளை ஆளு அளந்து பேசாதீங்கன்னு அர்த்தம் எடுக்கறவங்களும் உண்டு, நான் ரெண்டாவது பக்கம்.

மகாபாரதத்துல அனுசாசன பர்வம் ஆரம்பத்துலயே ஒரு கதை வரும். கௌதமின்னு ஒரு வயசான அம்மா, அவங்க பையன் பாம்பு கடிச்சு செத்துப் போறான், ஒரு வேடன் அந்தப் பாம்பைப் புடிச்சுட்டு வந்து கொல்லட்டுமான்னு கேக்கறான். பாம்பு சொல்லுது, நான் என்ன பண்ணுவேன், மிருத்யு அனுப்பினான்னு. மிருத்யு வந்து, என்னை அனுப்பினது காலம்ங்கறான். காலம் வந்து, நாங்க யாரும் காரணம் இல்ல, வினைதான் காரணம்னு சொல்லுது. இந்தக் கதையை எடுத்துக்கிட்டு பாத்தீங்களா கர்மாதான்னு முடிச்சுடறாங்க, ஆனா கவனிக்க வேண்டியது கௌதமியை. காலம், மிருத்யு எல்லாம் வந்து பேசறதுக்கு முன்னாடியே, பாம்பைக் கொன்னா என் பிள்ளை திரும்ப வரமாட்டான், அதை விட்டுடுன்னு சொன்னவங்க அவங்க. கர்மாங்கற நம்பிக்கை அந்த அம்மாவுக்கு பழிவாங்கற எண்ணத்தை அடக்கிக்கப் பயன்பட்டுச்சு. தனக்கு வந்த துக்கத்தைத் தாங்கிக்க ஒருத்தர் தனக்குத்தானே சொல்லிக்கறது வேற, அதையே இன்னொருத்தரோட துக்கத்து மேல தூக்கிப் போடறது வேற.

குழந்தைங்க விஷயத்துல மாண்டவ்யர்ங்கற முனிவரோட கதையும் மகாபாரதத்துல இருக்கு. செய்யாத திருட்டுக்காக அவரை கழுவுல ஏத்திடறாங்க. அப்புறம் அவர் தர்மதேவதைகிட்ட போய் எதுக்கு எனக்கு இந்த தண்டனைன்னு கேக்க, சின்ன வயசுல பூச்சியைப் புல்லால குத்தினேல்லன்னு பதில் வருது. மாண்டவ்யர் அதை ஒத்துக்கவே இல்ல. அறியாத வயசுல செஞ்சதுக்கு இவ்வளவு பெரிய தண்டனையான்னு கோவப்பட்டு தர்மதேவதைக்கே சாபம் குடுக்கறார், அப்படி வந்து பிறந்தவர்தான் விதுரர். அதோட 14 வயசு வரைக்கும் குழந்தைங்க செய்யறது பாவக் கணக்குல வராதுன்னு ஒரு எல்லையையும் போட்டுடறார். தர்மத்தையே நிக்க வெச்சு கேள்வி கேட்டு மாத்தின கதை நம்ம இதிகாசத்துலயே இருக்கு, அதனால இந்தக் கேள்வியைக் கேக்கறது தப்புன்னு யாரும் உங்களை அடக்க வேண்டியதில்ல.

இந்த வினைக் கணக்கை யார் பாக்கறா?

புராணத்துல சித்திரகுப்தன் எழுதி வெக்கறார், யமன் தீர்ப்பு சொல்றார். காஞ்சிபுரத்துல சித்திரகுப்தருக்கு தனிக் கோயிலே இருக்கு, சித்ரா பௌர்ணமி அன்னிக்கு விசேஷம். தத்துவத்துக்குள்ள போனா, வேதச் சடங்குகளை ஆராயற மீமாம்சைக்காரங்க செயலே அபூர்வம்னு ஒரு சக்தியை உண்டாக்கும், அது நேரம் வரும்போது பலன் குடுக்கும், நடுவுல கடவுள் தேவையில்லைன்னு சொல்லுவாங்க. சைவ சித்தாந்தம் அதை ஒத்துக்காது: கன்மம் அறிவில்லாத சடம், அதுவா ஆள் தேடி வராது, உயிரும் தானா போய் துன்பத்தை எடுத்துக்காது, அதனால ரெண்டையும் சேத்து வெக்கறது இறைவன்தான், அதுவும் உயிரைப் பக்குவப்படுத்த. வேதாந்தமும் பலன் குடுக்கறவன் ஈஸ்வரன்னுதான் சொல்லுது, ஆனா அவன் பாரபட்சம் பாக்கல, அவங்கவங்க வினையை வெச்சுதான் குடுக்கறான்னு பிரம்ம சூத்திரம் சொல்லுது.

சாகும்போது என்ன நடக்குது? உயிர் எப்படிப் போகுது?

கண்ணுக்குத் தெரியற ஸ்தூல உடம்பு இங்கயே விழுந்துடும். அஞ்சு ஞானேந்திரியம், அஞ்சு கர்மேந்திரியம், அஞ்சு பிராணன், மனசு, புத்தின்னு 17 சேந்த சூட்சும உடம்போட உயிர் கிளம்பும், வாசனைகளும் (பழைய அனுபவங்கள் மனசுல விட்டுட்டுப் போன பதிவுகள்) வினையும் அதோடதான் போகும். பட்டினத்தார் சொன்ன காதற்ற ஊசி கூட வராதுங்கறது இந்த இடத்துலதான், காசு பணம் எதுவும் வராது, வினை மட்டும் வரும். பிரகதாரண்யகத்துல புல் மேல ஊர்ற புழுவைச் சொல்லுவாங்க, நுனிக்கு வந்ததும் அடுத்த புல்லைப் புடிச்சுக்கிட்டு உடம்பை இழுத்துக்கும்ல, உயிர் அப்படித்தான் இந்த உடம்பை விட்டு அடுத்ததைப் புடிக்கும்னு. கீதையில பழைய துணியை விட்டு புதுத் துணி, குறள்ல தூங்கி முழிக்கறது.

அப்போ செத்த உடனே மறுபிறவியா, இல்ல நடுவுல எங்கயாவது இருக்குமா?

ரெண்டும் சொல்லிருக்காங்க. புழு உதாரணத்தை அப்படியே எடுத்தா உடனே மாதிரி இருக்கும். சாந்தோக்கியத்துல ரெண்டு வழி வருது: தேவயானம்னு ஒண்ணு, ஒளி, பகல், வளர்பிறை, உத்தராயணம்னு போய் பிரம்ம லோகம், அங்க இருந்து திரும்பறதில்ல. பித்ருயானம்னு இன்னொண்ணு, புகை, இரவு, தேய்பிறைன்னு போய் சந்திர லோகத்துல புண்ணியம் தீர்ற வரைக்கும் இருந்துட்டு, அப்புறம் மழையா இறங்கி, பயிராகி, உணவாகி, மறுபடி கருவுல சேரும். இது ரெண்டுலயும் போகாத உயிர்கள் சின்னச் சின்ன ஜீவனா பிறந்து பிறந்து சாகும்னு மூணாவதும் ஒண்ணு இருக்கு. பீஷ்மர் அம்புப் படுக்கையில உத்தராயணத்துக்குக் காத்திருந்தது இந்த வழியை மனசுல வெச்சுத்தான். அதுக்காக தட்சிணாயனத்துல போனவங்களுக்கெல்லாம் நல்ல கதி இல்லைன்னு நினைச்சு கலங்காதீங்க, ஞானம் உள்ளவனுக்கு எந்தக் காலத்துல போனாலும் தடையில்லைன்னு பிரம்ம சூத்திரத்துலயே இருக்கு.

10 நாள் காரியம், 13, 16, ஒரு வருஷம்னு ஏன் பண்றோம்?

இது பெரும்பாலும் கருட புராணத்துல வர்ற கணக்கு. முதல் 10 நாள் வெக்கற பிண்டத்தால உயிருக்கு பயணத்துக்கான ஒரு உடம்பு கொஞ்சம் கொஞ்சமா உருவாகுது, அப்புறம் சபிண்டீகரணத்துல பிரேத நிலை போய் முன்னோர் வரிசையில சேருது. யமலோகத்துக்குப் போற வழி 86,000 யோஜனை, நடுவுல 16 ஊர், வைதரணி ஆறு, போய்ச் சேர ஒரு வருஷம், அதனாலதான் மாசா மாசம் மாசிகம், வருஷ முடிவுல வருஷாப்திகம். 13 ஆ 16 ஆங்கறது குடும்பத்துக்குக் குடும்பம், சமூகத்துக்கு சமூகம் மாறும், உங்க வீட்டு வழக்கம் எதுவோ அதைப் பண்ணுங்க.

வசதி இல்லாதவங்க கடன் வாங்கி பண்ணணும்னு இல்ல. விஷ்ணு புராணத்துல படிப்படியா குறைச்சுக்கிட்டே வந்து, கடைசியில எதுவுமே முடியாதவன் காட்டுல போய் ரெண்டு கையையும் தூக்கி, என்கிட்ட பணம் இல்ல, தானியம் இல்ல, என் பக்தியாலேயே முன்னோர்கள் திருப்தி அடையட்டும்னு சொன்னா போதும், அதுவே சிராத்தம்னு இருக்கு.

எங்க அப்பா ஏற்கனவே மறுபிறவி எடுத்திருந்தா நான் குடுக்கற தர்ப்பணம் யாருக்குப் போகும்?

வசு, ருத்ர, ஆதித்யர்னு பித்ரு தேவதைகள் இருக்காங்க, அப்பா தாத்தா கொள்ளுத்தாத்தாவை அந்த ரூபத்துலதான் தர்ப்பணத்துல நினைக்கறோம். அவங்க அதை வாங்கி, அந்த உயிர் எங்க எந்த உடம்புல இருந்தாலும் அதுக்கு ஏத்த மாதிரி கொண்டு சேக்கறாங்கன்னு நம்பிக்கை.

பிள்ளை இல்லாதவங்களுக்கு, பொண்ணு மட்டும் இருக்கறவங்களுக்கு கதி இல்லையா?

புத் என்ற நரகத்துல இருந்து காப்பாத்தறவன் புத்திரன்னு சொல்லி சொல்லியே நிறைய பேரை அழ வெச்சிருக்காங்க. பீஷ்மருக்கு பிள்ளை கிடையாது, பீஷ்மாஷ்டமி அன்னிக்கு ஊரே அவருக்கு தர்ப்பணம் விடுது. ஜடாயு ஒரு பறவை, ராமர் தன் கையால காரியம் பண்ணினார். மகாளயத்துல காருண்ய பித்ருக்கள்னு சொல்லி நண்பர், குரு, தெரிஞ்சவங்கன்னு எல்லாரையும் நினைச்சு குடுக்கறது முறையிலயே இருக்கு. இன்னிக்கு பல குடும்பத்துல பொண்ணுங்களே கொள்ளி வெக்கறாங்க, காரியம் பண்றாங்க, அன்போட செஞ்சது போய்ச் சேராதுன்னு நான் நம்பல.

கருட புராணத்தை வீட்ல வெச்சுக்கக் கூடாதா? படிச்சா பயமா இருக்கே?

வெச்சுக்கக் கூடாதுங்கறது வழக்கத்துல வந்த பேச்சு. அது விஷ்ணு கருடனுக்குச் சொன்ன புராணம், அதுல மருத்துவம், ரத்தினப் பரீட்சைன்னு எவ்வளவோ இருக்கு, பிரேத கல்பம்ங்கற ஒரு பகுதிதான் மரணத்தைப் பத்தினது. தண்டனை வர்ணனையெல்லாம் உயிரோட இருக்கறவன் தப்பு பண்ணாம இருக்கச் சொன்னது. இறந்து போனவர் இப்ப அந்த எண்ணெய்க் கொப்பரையில இருப்பாரோன்னு வீட்ல உக்காந்து கற்பனை பண்ணிக்கறதுக்கு இல்ல.

நரகம் நிரந்தரமா? சொர்க்கம் போயிட்டா மோட்சமா?

ரெண்டும் இல்ல. பாகவதம் அஞ்சாவது ஸ்கந்தம் ரௌரவம், கும்பீபாகம்னு 28 நரகம் சொல்லுது, ஆனா வினை தீர்ந்ததும் அங்க இருந்து வெளிய வந்து பிறவிக்கு வந்துடணும். மத்வாசாரியர் மட்டும் சில உயிர்கள் நிரந்தரமா இருள்ல இருக்கும்னு சொன்னார், மத்த பெரிய மரபுகள் அதை ஏத்துக்கல. சொர்க்கமும் அப்படித்தான், புண்ணியம் தீர்ந்ததும் மறுபடி மண்ணுலகம்னு கீதை ஒன்பதாவது அத்தியாயத்துல தெளிவா இருக்கு.

மனுஷன் மிருகமா பிறப்பானா?

பிறக்கலாம்னுதான் நம்பிக்கை. மாணிக்கவாசகர் சிவபுராணத்துல புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகின்னு வரிசையா சொல்லி எல்லாப் பிறப்பும் பிறந்து இளைச்சேன்னு பாடறார். பரத மகாராஜா கதை பாகவதத்துல இருக்கு, ராஜ்யத்தையே விட்டுட்டு தவத்துக்குப் போனவர், அனாதையா கெடந்த மான்குட்டியை எடுத்து வளத்து, சாகும்போது அது நினைப்பாவே போய் அடுத்த பிறவியில மானா பிறந்தார். ஆனா அவர் செஞ்ச தவம் வீணாகல, மானா இருந்தும் பழசு ஞாபகம் இருந்துச்சு, அதுக்கடுத்த பிறவியில ஜடபரதரா முழு ஞானத்தோட வந்தார்.

கடைசி நேர நினைப்புதான் முக்கியம்னா, கோமாவுல போனவங்க, விபத்துல போனவங்க?

அம்மா அப்பா ஐசியூல நினைவில்லாம போயிட்டாங்க, காதுல ஒரு நாமம் கூட சொல்ல முடியலன்னு வருஷக்கணக்கா மனசுல வெச்சு அழறவங்களுக்கு இதைச் சொல்லணும். கீதை எட்டாவது அத்தியாயத்துல எதை நினைச்சு உடம்பை விடறானோ அதையே அடைவான்னு இருக்கறது உண்மை, ஆனா அங்கயே, வாழ்நாள் முழுக்க எது மனசுல ஊறிருக்கோ அதுதான் அப்ப வரும்னும் இருக்கு, அதனால எல்லா நேரமும் என்னை நினைன்னு கிருஷ்ணர் சொல்றார். வராக சரம ஸ்லோகத்துல பெருமாள் இன்னும் ஒரு படி மேல போறார்: உடம்பும் மனசும் நல்லா இருக்கும்போது என்னை நினைச்சவன், கடைசியில கட்டை மாதிரி கல்லு மாதிரி கெடந்தாலும், நான் அவனை நினைச்சுக்கறேன், நானே அவனைக் கூட்டிட்டுப் போறேன்னு. பெரியாழ்வாரும், உடம்பு தளர்ந்து போற அந்த நேரத்துல என்னால உன்னை நினைக்க முடியாது, "அப்போதைக்கு இப்போதே சொல்லி வைத்தேன்"னு அரங்கன்கிட்ட சொல்லிடறார்.

தற்கொலை, விபத்து மாதிரி அகால மரணத்துக்கு உயிர் அலையும்னு புராணங்கள்ல இருக்கு. அதே மரபுதான் அந்த உயிருக்காக நாராயண பலின்னு ஒரு கிரியையும் வெச்சிருக்கு. கைவிடப்பட்ட உயிர்னா எதுக்கு வழி சொல்லப் போறாங்க?

போன ஜென்மம் ஏன் ஞாபகம் இல்ல?

உனக்கும் எனக்கும் பல பிறவி போயாச்சு, எனக்கு எல்லாம் தெரியும், உனக்குத் தெரியாதுன்னு கிருஷ்ணர் அர்ஜுனன்கிட்டயே சொல்றார். அர்ஜுனனுக்கே அப்படின்னா நமக்கு இல்லாததுல ஆச்சரியம் இல்ல. மறக்கறது ஒரு கருணைன்னும் பெரியவங்க சொல்லுவாங்க.

மோட்சம்னா என்ன?

அத்வைதத்துல நான் வேற பிரம்மம் வேறங்கற அறியாமை போறது, அது உயிரோட இருக்கும்போதே கிடைக்கலாம். ராமானுஜர் வழியில வைகுந்தம் போய் பெருமாளுக்கு நித்தியமா கைங்கரியம், அதாவது தொண்டு, பண்றது, உயிர் தனியாத்தான் இருக்கும், ஆனா பிரிவு இருக்காது. அந்தப் பயணத்தை நம்மாழ்வார் திருவாய்மொழி பத்தாம் பத்துல "சூழ்விசும் பணிமுகில்"னு ஆரம்பிச்சுப் பாடியிருக்கறதைப் படிங்க, மேகம் முழங்குது, கடல் அலைக் கையெடுத்து ஆடுது, வழியெல்லாம் தேவர்கள் வரவேற்கறாங்க, ஒரு சாவை இவ்வளவு கொண்டாட்டமா யாரும் சொன்னதில்லைன்னு எனக்குத் தோணும். சைவ சித்தாந்தத்துல நல்வினை தீவினை ரெண்டையும் ஒண்ணா பாக்கற இருவினையொப்பு வந்து, உயிரை மறைக்கற மலம்ங்கற அழுக்கு பக்குவமாகி, அருள் பதிஞ்சு, சிவன் திருவடியில இருக்கறது.

பரிகாரம் பண்ணா கர்மா போயிடுமா?

லட்சக்கணக்குல செலவு பண்ணச் சொல்றவங்ககிட்ட போக வேண்டாம். திருச்செங்கோட்டுல அடியார்களுக்கு குளிர் காய்ச்சல் வந்தப்போ ஞானசம்பந்தர் பாடின திருநீலகண்டப் பதிகம் இருக்கு, "அவ்வினைக்கு இவ்வினை"ன்னுதான் ஆரம்பிக்கும். அந்த வினையாலதான் இது வந்துச்சுன்னு பேசிட்டே இருக்கீங்களே, தப்பிக்க வழி தேடாம இருக்கறது குறையில்லையான்னு கேட்டுட்டு, செய்வினை வந்து நம்மைத் தீண்டாதுன்னு ஆணையே இடறார். வழின்னு அவர் சொல்றது கையால தொண்டு செஞ்சு இறைவனைப் போற்றறது, ரெண்டாவது பாட்டுல அது என்னன்னும் சொல்லிடறார்: சோலை வெக்கறது, குளம் வெட்டறது, அதையும் கனிஞ்ச மனசோட செய்யறது.